கெர்னலின் வாக்கு: கோப்பு எண்களைக் கவனிக்கும் பள்ளிகள்

யூனிக்ஸில் திறந்திருப்பது வட்டிலுள்ள கோப்பானாலும், பைப்பானாலும், சாக்கெட்டானாலும், நிரலுக்கு அது ஒரு சிறு முழு எண்ணாகவே தெரிகிறது. ஃபைல் டிஸ்கிரிப்டர் எனப்படும் அந்த எண்ணைக் கொடுத்து ரீட் அழைத்தால், தரவு வரும்வரை நிரல் அங்கேயே நின்றுவிடும். கவனிக்க வேண்டிய எண் ஒன்றே என்றால் இதில் குறையில்லை. ஆனால் நூறு பேரோடு ஒரே சமயத்தில் பேசும் சர்வர், ஒருவர் வாய் திறப்பதற்காக மற்றவர்களைக் காக்க வைக்க முடியாது. 'இவற்றில் எது தயாரோ அதைச் சொல்' என்று கெர்னலிடம் கேட்க ஒரு வழி தேவைப்பட்டது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்தத் தேவைக்குக் கிடைத்த விடைகள்தாம் செலக்ட், 'போல்', கேக்யூ, ஈபோல், ஐஓ யூரிங் என்று தனித்தனிப் பள்ளிகளாக நிற்கின்றன. இவற்றின் வரலாற்றை வேகத்தின் வரலாறாக எழுதுவதே வழக்கம். பழையவை மெதுவானவை, புதியவை பல்லாயிரம் இணைப்புகளைத் தாங்குபவை என்று அந்தக் கதை போகும். அது பொய்யில்லை, ஆனால் அளவுகோல் போதாது. 'தயார்' என்று கெர்னல் சொல்லும்போது அது எதைப் பற்றிய வாக்கு, எதுவரை செல்லும் வாக்கு என்பதைக் கொண்டே ஒரு பள்ளியின் தரத்தை மதிக்க வேண்டும் என்பது என் கருத்து. அப்படி மதித்தால் தரவரிசை கணிசமாக மாறுகிறது.

செலக்ட் 1983இல் 4.2பிஎஸ்டியில், சாக்கெட்டுகளோடு சேர்ந்தே வந்தது. கவனிக்க வேண்டிய எண்களை பிட்களாகக் குறித்து அனுப்ப வேண்டும். கெர்னல் அதே பிட்களின் மேல் விடையை எழுதித் திருப்பும். கேள்வித்தாளிலேயே விடை எழுதப்படுவதால் ஒவ்வொரு முறையும் கேள்வியைப் புதிதாக எழுதியாக வேண்டும். லினக்ஸின் ஜிலிப்சியில் இந்த பிட் அணியின் அளவு 1024. திறந்திருக்கும் எண் 1024ஐத் தொட்டுவிட்டால், பிட்டைக் குறிக்கும் மேக்ரோ, அணிக்கு வெளியே உள்ள நினைவகத்தில் சத்தமில்லாமல் எழுதிவிடக்கூடும். வேகக் குறைவைவிடப் பெரிய குற்றம் இது. சிஸ்டம் ஃபைவ் வழியில் வந்த 'போல்' இந்த இரண்டையும் திருத்தியது. கேட்பதற்கு ஒரு புலம், விடைக்கு வேறொரு புலம்; எண்ணின் பெருமதிப்புக்கு வரம்பில்லை. மூன்றாம் வெளியீட்டில் ஸ்ட்ரீம்ஸ் சாதனங்களுக்கு மட்டும் என்று இருந்த அது, நான்காம் வெளியீட்டில் எல்லாவற்றுக்கும் பொதுவானது. இரண்டின் வாக்கும் ஒன்றே: இந்த அழைப்பு திரும்பும் கணத்தில், இந்த எண்ணின் நிலை இது. அதற்கு மேல் எதுவும் சொல்லப்படவில்லை. அந்த வாக்கு குறுகியது, ஆனால் தெளிவானது. பட்டியல் நிரலின் கையில் இருப்பதால், எதைக் கேட்டோம் என்பதில் நிரலுக்கும் கெர்னலுக்கும் இடையே கருத்து வேற்றுமை எழ வழியே இல்லை.

அந்தத் தெளிவுக்கான விலை 1990களின் இறுதியில் தாங்க முடியாததாகிவிட்டது. ஒரே கணினியில் பத்தாயிரம் இணைப்புகளைத் தாங்குவது எப்படி என்ற கேள்வியை 1999இல் டான் கெகல் தொகுத்து எழுதினார். அதே ஆண்டில் பங்கா, மோகுல், ட்ருஷெல் ஆகிய மூவரும் யூசெனிக்ஸ் மாநாட்டில், கவனப் பட்டியலைக் கெர்னலே வைத்துக்கொள்ள வேண்டும் என்று வாதிட்டார்கள். மளிகைக் கடையில் ஒவ்வொரு நாளும் முழுப் பட்டியலையும் வாசித்துக் காட்டுவதற்குப் பதில், கடையிலேயே ஒரு கணக்கு நோட்டு வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. சொலாரிஸ் சாதனக் கோப்பு ஒன்றின் வழியாக இதைச் செய்தது. ஜோனதன் லெமன் ஃப்ரீபிஎஸ்டிக்கு எழுதிய கேக்யூ 2000இல் 4.1 பதிப்போடு வெளிவந்தது. டாவிடே லிபென்சியின் ஈபோல் 2002இல் லினக்ஸ் 2.5.44இல் நுழைந்தது. பத்தாயிரம் இணைப்புகளில் பத்து மட்டும் பேசினால், வேலையும் ஏறக்குறையப் பத்துக்கானதாகச் சுருங்கிற்று. இதன் பயனை யாரும் மறுக்க முடியாது. ஆனால் நோட்டு கெர்னலிடம் போன மறுகணமே முன்பு எழாத ஒரு கேள்வி எழுகிறது. அந்த நோட்டில் எழுதப்பட்டிருப்பது யாருடைய பெயர்?

இந்த இடத்தில்தான் இரண்டு பள்ளிகளும் பிரிகின்றன. கேக்யூவில் பதிவுக்கு அடையாளம், எண்ணும் அதன் மேல் வைத்த வடிகட்டியும். எண்ணை மூடினால் அதைச் சார்ந்த பதிவுகளும் போய்விடும். நிரலாளர் மனத்தில் இயல்பாக இருக்கும் எதிர்பார்ப்பும் அதுவே. ஈபோலில் பதிவு, எண்ணோடு அதன் பின்னால் கெர்னலுக்குள் இருக்கும் திறந்த கோப்புப் பொருளையும் சேர்த்து அடையாளமாகக் கொள்கிறது. பதிவின் ஆயுளைத் தீர்மானிப்பது அந்தப் பொருள்தான். டூப் அழைத்தோ ஃபோர்க் வழியாகவோ அதே பொருளுக்கு வேறோர் எண் இருந்தால், முதல் எண்ணை மூடிய பிறகும் பதிவு உயிரோடு இருக்கும். நிகழ்வுகளும் வந்துகொண்டே இருக்கும். அதை நீக்கலாம் என்று போனால், நீக்குவதற்குக் கொடுக்க வேண்டிய எண்ணே மூடப்பட்டுவிட்டது. கெர்னல் பிழை என்று திருப்பிவிடும். இதற்குள் அதே எண் புதிய இணைப்பு ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டிருக்கலாம். அப்போது பழைய இணைப்பின் செய்தி புதிய இணைப்பின் பெயரில் வந்து சேரும். மேன் பக்கமே இந்த ஆபத்தைப் பதிவு செய்து, மூடுவதற்கு முன் தாமே நீக்கிவிடுமாறு அறிவுரை சொல்கிறது. அறிவுரை நல்லதுதான். ஆனால் சேய்ச் செயல்முறையைக் கிளப்பும் நூலகம் ஒன்று வேறொருவர் எழுதியதாக இருந்தால், மூடும் இடத்தில் நிற்பவருக்கு அந்த நகல் இருப்பதே தெரியாது. ஒரு தவறைத் தவிர்ப்பதற்கு முழு நிரலையும் அறிந்திருக்க வேண்டும் என்றால், அந்தத் தவறு இடைமுகத்தின் தவறு.

உலகின் சர்வர்களில் பெரும்பங்கு ஈபோலின் மேல்தானே ஓடுகிறது, நடைமுறை தந்த தீர்ப்பை எதிர்த்து ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். ஈபோல் பரவியதற்குக் காரணம் லினக்ஸ் பரவியது. லினக்ஸில் கெர்னல் பட்டியல் வைத்துக்கொள்ளும் வழி அது ஒன்றாகவே நெடுநாள் இருந்தது. மேலும், பயன்பாட்டு நிரலாளர்களில் மிகச் சிலரே அதை நேராகத் தொடுகிறார்கள். லிப்ஈவென்ட், லிப்யூவி ஆகிய நூலகங்கள் இடையில் நின்று, பதிவுகளுக்கு இன்னொரு கணக்கைத் தாமே வைத்துக்கொள்கின்றன. கெர்னலின் நோட்டை நம்பி மட்டும் வேலை நடக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

வாக்கு எதுவரை செல்லும் என்பது அடுத்த கேள்வி. தயார்நிலை என்பது ஒரு குறிப்பு மட்டுமே. யூடிபி பொட்டலம் வந்ததும் லினக்ஸில் செலக்ட் 'படிக்கலாம்' என்று சொல்லலாம்; பிறகு செக்சம் தவறென்று அந்தப் பொட்டலம் கழிக்கப்பட்டால் ரீட் நின்றுவிடும். ஆகவே எந்தப் பள்ளியைச் சேர்ந்தவரானாலும் சாக்கெட்டைத் தடுக்காத நிலையில் வைத்தே ஆக வேண்டும். இதற்கு மேல் ஈபோல், நிலை வழியா விளிம்பு வழியா என்ற தேர்வைத் தருகிறது. நிலை வழியில் தரவு மிச்சமிருக்கும்வரை ஒவ்வொரு முறையும் சொல்லும். விளிம்பு வழியில் புதிதாக ஏதேனும் நேரும்போது மட்டும் சொல்லும். 'இப்போது இல்லை' என்ற பிழை வரும்வரை படித்துத் தீர்ப்பது நிரலின் பொறுப்பு. பாதியில் விட்டால் அந்த இணைப்பு விழிக்காமலே போகலாம். தீர்க்கும்வரை படித்தாலோ, ஓயாமல் அனுப்பும் ஒருவர் மற்றவர்களின் முறையைத் தின்றுவிடுவார். விளிம்பு வழியை வல்லவர்களின் அடையாளமாகக் கருதும் போக்கு எனக்கு உடன்பாடில்லை. கோ மொழியின் இயக்கச்சூழல் அதைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு: ஒவ்வொரு எண்ணுக்கும் தன் நிலைக்கணக்கை அது ஏற்கெனவே வைத்திருக்கிறது. அந்தக் கணக்கு இல்லாத சிறிய சர்வர், மிச்சமாகும் சில சிஸ்டம் கால்களுக்காக மறதிப் பிழையை விலைக்கு வாங்குகிறது.

இணைப்புக்கு ஓர் இழை என்று எழுதிவிட்டால் இந்தத் தொல்லையே இல்லையே என்பாரும் உண்டு. மெல்லிய இழைகள் மலிந்துவிட்ட இக்காலத்தில் பயன்பாட்டு நிரலாளருக்கு அது சரியான அறிவுரையே. ஆனால் கோவின் கோரூட்டீன் வலையில் படிக்கக் காத்திருக்கும்போது, கீழே லினக்ஸில் ஈபோலும் மேக்கில் கேக்யூவும்தான் அதை எழுப்புகின்றன. சிக்கல் ஒரு மாடி கீழே போயிருக்கிறது, அவ்வளவே. அங்கே யாராவது அதைச் சரியாக எழுதியாக வேண்டும்.

இவற்றைவிட வலுவான மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருகிறது. தயாரா என்று கேட்பதே வீண், வேலையைக் கொடுத்துவிட்டு முடிந்ததும் சொல் என்பதே முறை என்று நிறைவுப் பள்ளி சொல்கிறது. விண்டோஸ் என்டி 3.5இலேயே கம்ப்ளீஷன் போர்ட் இருந்தது. லினக்ஸுக்கு ஜென்ஸ் ஆக்ஸ்போ எழுதிய ஐஓ யூரிங் 2019இல் 5.1 பதிப்பில் வந்தது. வட்டுக் கோப்புகளைப் பொறுத்தவரை இந்தப் பள்ளியின் வாதம் முழுக்கச் சரி. சாதாரணக் கோப்பு எப்போதும் தயார் என்றே செலக்டும் 'போல்' அழைப்பும் சொல்லும், வட்டு எவ்வளவு மெதுவாக இருந்தாலும். ஈபோல் அதைப் பதிவு செய்யவே மறுக்கும். லிப்யூவி கோப்பு வேலைக்கென்று இயல்பாக நான்கு இழைகளைத் தனியே வைத்திருப்பது இதனால்தான். வலை இணைப்புகளில் நிலைமை வேறு. படிக்கக் காத்திருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் முன்கூட்டியே ஒரு நினைவகத் தாங்ககம் ஒதுக்க வேண்டும். பேசாமல் கிடக்கும் பல்லாயிரம் இணைப்புகளுக்கு அது பெரும் செலவு. விண்டோஸ் நிரலாளர்கள் பூஜ்ய பைட் படிப்பு ஒன்றைக் கொடுத்து, அது நிறைவடைந்தால் தரவு வந்துவிட்டது என்று அறிந்துகொள்ளும் உத்தியைக் கண்டார்கள். ஐஓ யூரிங்கோ 5.7இல், தரவு வந்த பிறகே தொகுப்பிலிருந்து தாங்ககத்தை எடுக்கும் வசதியைச் சேர்த்தது. இரண்டுமே தயார்நிலையை நிறைவின் உடுப்பில் திரும்பக் கொண்டுவந்தவை. எப்போது வரும் என்று தெரியாத தரவுக்கு அந்தக் கேள்வியைத் தவிர்க்க முடியவில்லை.

பொதுத் தரநிலையோ இந்த வாதத்தில் இன்னும் நுழையவே இல்லை. போசிக்ஸ் செலக்டையும் 'போல்' அழைப்பையும் ஏற்றது. சிக்னல் வரும் இடைவெளியை அடைக்கும் பிசெலக்டை 2001இலும், அதன் இணையான பிபோலை 2024இலும் சேர்த்தது. கெர்னல் பட்டியல் வைத்துக்கொள்ளும் முறை எதையும் அது தொடவில்லை. பயன்பாடு மிகுந்தது என்பதற்காக ஈபோலை அப்படியே தரநிலையாக்கினால் அதன் அடையாளக் குழப்பமும் நிரந்தரமாகிவிடும். எழுத உட்காருபவர்கள் கேக்யூவின் வரைவிலிருந்து தொடங்க வேண்டும். எண் மூடப்பட்டால் அதன் பதிவும் முடிந்தது என்ற விதியை முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். நிலை வழியை இயல்பாகவும் விளிம்பு வழியைக் கேட்டால் மட்டும் கிடைப்பதாகவும் வகுக்க வேண்டும்.