மறந்துபோன ஒன்பதாம் அதிகாரம்

எலிசபெத் கூப்ளர்-ராஸ் அம்மையார் 1969இல் வெளியிட்ட ‘ஆன் டெத் அண்ட் டையிங்’ என்னும் நூல் பிறக்க இறையியல் மாணவரே காரணராயினர். 1965இல் சிகாகோவில் மாணவர் நால்வர், மனித வாழ்வின் நெருக்கடிகளை ஆராய அவரது உதவியை நாடினர். அதன் விளைவாக, மரணத்தை எதிர்நோக்கிய நோயாளரையே ஆசிரியராகக் கொண்ட கருத்தரங்கு தோன்றிற்று. அவருள் புற்றுநோயாளர் பலர்.

மறுப்பு, சினம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து நிலைகளை நாம் மனப்பாடமாக அறிவோம். குடும்பத்தைப் பற்றிய ஒன்பதாம் அதிகாரத்தையோ மறந்துவிட்டோம். உறவினர் எந்நேரமும் படுக்கையருகிலேயே இருக்கவேண்டுமென எதிர்பார்ப்பது கொடுமை என்கிறார் ஆசிரியர். நோயாளி அமைதியுடன் சாவை ஏற்கும் வேளையில், அவரைவிடக் குடும்பத்தினருக்கே ஆதரவு மிகுதியாகத் தேவை என்றும் நூலில் கூறுகிறார். இவை பொன்னான கருத்துகள்.

ஆயினும் ஒரு குறையைச் சொல்லியாக வேண்டும். நோயாளர் கடக்கும் நிலைகளை ஒத்தவற்றையே உறவினரும் கடக்கின்றனர் என்கிறார் அவர். இருவரும் ஒரே துயரில் பங்குகொள்ளினும், அவர்கள் முன் நிற்கும் கேள்வி ஒன்றன்று. நோயாளி உலகை விட்டுப் பிரியவேண்டும். மனைவியோ நாளையும் இவ்வுலகில் சமைக்கவும், கடன் அடைக்கவும், பிள்ளைகளுக்கு விடை சொல்லவும் வேண்டும்.

இதை நான் என் பிழையால் கற்றேன். புற்றுநோய்ப் பிரிவின் தாழ்வாரத்தில் என்மேல் சீறிய ஒரு பெண்மணியை, ‘இரண்டாம் நிலை’ என்று மனத்துள் குறித்துக்கொண்டேன். முந்திய நாள் முதல் அவர் உண்ணவில்லை. மருத்துவர் கூறியதை அவருக்கு ஒருவரும் விளக்கவுமில்லை. அவருக்குத் தேவைப்பட்டவை ஒரு வேளை உணவும், மருத்துவரிடம் உடன்வர ஒரு துணையுமே. நானோ சினத்திற்குப் பெயர் சூட்டிக்கொண்டிருந்தேன்.

டேவிட் கெஸ்லருடன் இணைந்து எழுதி, தம் மறைவுக்குப்பின் 2005இல் வெளிவந்த நூலில், இந்நிலைகள் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டன என்று அம்மையாரே எழுதினார். ஆகவே குற்றம் நூலினுடையது மட்டுமன்று. அதை வாய்பாடாக்கிய நம்முடையதுமாகும்.

சிலுவையில் உயிர்விடும் வேளையிலும் ஆண்டவர் தம் தாயை ஒரு சீடரிடம் ஒப்படைத்தார். அத்தாயின் துயரம் எந்நிலையில் உள்ளதென அவர் ஆராயவில்லை. அவருக்கு ஒரு வீட்டைக் காட்டினார். நம் மாணவர் இந்நூலைப் படிக்கட்டும். ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து தொடங்கட்டும். நோயாளிக்காகச் செபித்து முடித்தபின், வாசலில் நிற்பவரிடம், “சாப்பிட்டீர்களா?” என்று கேட்கவும் கற்கட்டும்.