உருபு உதிர்ந்த தமிழ்

'வத்தக்குழம்பு செய்வது எப்படி' வகை இணையக் கட்டுரைகளின் உரைநடையை யாரும் விமர்சன நோக்கில் படிப்பதில்லை. கதை, கவிதை படிக்காதவர்களும் அன்றாடம் வாசிக்கிற தமிழ் அது. அதனாலேயே படித்துப் பார்க்க வேண்டும் என்கிறேன்.

தேடல் சொல்லைப் பொறுக்கியெடுப்பதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது, மறுக்கவில்லை. 'குழம்பு' என்று மொட்டையாக வைத்தால் ஆயிரம் பக்கங்களுக்கு அடியில் போய்விடுவோம். 'பூண்டு இல்லாத சுண்டைக்காய் வத்தக்குழம்பு' என்றால் தேடுகிறவர்கள் குறைவு. ஆனால் வருகிறவர் அதற்காகவே வருகிறார். கிறிஸ் ஆண்டர்சன் 2004இல் வயர்ட் இதழில் வணிகத்தைப் பற்றி எழுதிய 'நீண்ட வால்' என்ற பெயர் இந்த வகைச் சொற்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

சிக்கல் அந்தச் சொல்லை வாக்கியத்துக்குள் கொண்டுவரும்போதுதான். ஆங்கிலப் பெயர்ச்சொல் எங்கே உட்கார்ந்தாலும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். தமிழில் வீடு 'வீட்டில்' ஆகும், மரம் 'மரத்துக்கு' ஆகும். தேடல் சொல் கலைந்துவிடுமோ என்று பயந்து, எழுதுகிறவர் உருபைத் தொடுவதே இல்லை. "முதுகு வலி வீட்டு வைத்தியம் பற்றிப் பார்ப்போம். முதுகு வலி வீட்டு வைத்தியம் என்பது மிக எளிது." ஒரு 'கு' போட்டு 'முதுகு வலிக்கு' என்றால் வாக்கியம் மூச்சு விடும். அந்தக் 'கு'வைத்தான் பலி கொடுக்கிறார்கள். நாலு பெயர்ச்சொல்லை அடுக்கி, பின்னால் ஒரு 'பற்றி', இல்லாவிட்டால் ஒரு 'குறித்து'. ரயில் பெட்டி மாதிரி.

(கறிவேப்பிலையைக் 'கருவேப்பிலை' என்று தலைப்பில் போடுகிறார்களே, அதில் எனக்கு வருத்தமில்லை. ஜனங்கள் அப்படித்தானே தட்டுகிறார்கள்!)

இத்தனைக்கும், ஒரே சொல்லைத் திணிப்பதைக் கூகுள் தன் விதிகளில் ஸ்பேம் என்றே சொல்கிறது. கீவேர்டுகளை எழுதிவைக்கும் மெட்டா குறியைத் தரவரிசைக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்று 2009லேயே அறிவித்தும்விட்டது. இயந்திரம் கேட்காத காணிக்கை இது. தலைப்பில் தேடல் சொல் இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே தமிழை வளைய விடலாமே.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எத்தனை பேர் தேடினார்கள் என்ற எண்ணைப் பார்த்துவிட்டு எழுத உட்கார்ந்தால், யாருக்கும் கேட்கத் தெரியாத விஷயம் எழுத்துக்கே வராது. சுண்டைக்காயைக் கீறி, மோரில் ஊறப்போட்டு, பகலில் காயவைத்து, ராத்திரி திரும்ப அதே மோரில் போடுவார்கள். "மூணு வெயில் காட்டணும்" என்பாள் பாட்டி. 'மூணு வெயில்' என்று யார் தேடப்போகிறார்கள்?