புக்கருக்குக் கொடுத்த ஒவ்வொரு டாலரும் தகும்!

இருபது வயதுப் பையன். எதிரணி ரசிகர்கள் நிரம்பி வழிகிற பாஸ்டன் அரங்கம். அங்கே போய் ஒரே கூடைப்பந்து ஆட்டத்தில் 70 புள்ளி அடித்தான் டெவின் புக்கர்! இவனை நம்பி ஒரு அணியைக் கட்டலாமா என்று இதற்குமேலும் யோசிப்பீர்களா?

2017 மார்ச் 24, நமக்கு மறுநாள் விடியற்காலை. முதல் பாதியில் வெறும் 19தான். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்கிறீர்கள்! நினைத்துப் பாருங்கள், பந்தை ஒரு தட்டு, உடம்பை ஒரு வெட்டு, காவல்காரன் தடுமாறுவதற்குள் பின்னால் சாய்ந்து ஒரு எறி, வளையத்தைத் தொடாமல் சர்ரென்று வலைக்குள், மறுபடி அதே, மறுபடி அதே, மூன்றாம் கால்பகுதியில் 23, நான்காவதில் 28, ஃப்ரீ த்ரோ 26க்கு 24, கடைசியில் பாஸ்டன்காரர்களே அவனுக்கு ஆரவாரம் செய்கிறார்கள், நானோ இங்கே திரைக்கு முன்னால் நின்றுகொண்டு தொண்டை கட்டும்வரை கத்துகிறேன்! அவனுடைய ஃபீனிக்ஸ் சன்ஸ் அணி 130-120 என்று தோற்றது, கடைசி நிமிடங்களில் அவன் கணக்கை ஏற்றவே ஃபவுல் செய்து கடிகாரத்தை நிறுத்தினார்கள் என்பார்கள். இருக்கட்டுமே! அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவில் அதற்கு முன் எழுபதைத் தொட்டவர்கள் ஐந்தே பேர்.

2018 ஜூலையில் ஐந்து வருடத்துக்கு 15.8 கோடி டாலர் ஒப்பந்தம். உடனே விமர்சகர்கள் கிளம்பிவிட்டார்கள்: 21 வெற்றி, 61 தோல்வி கண்ட அணியில் அடிக்கிற புள்ளிக்கு என்ன மதிப்பு என்று. ஐயா, சேர்ந்த ஐந்தாவது பருவத்துக்குள் ஐந்தாவது பயிற்சியாளரைப் பார்த்தவன் அவன்! அணியைக் கட்டாதது நிர்வாகம், பழி மட்டும் பையன் தலையிலா? அவனுடைய அனுபவத்துக்கு விதி அனுமதிக்கிற உச்ச ஊதியம் அணியின் சம்பள வரம்பில் கால் பங்கு. அதைக் கொடுக்காமல் விட்டிருந்தால் எந்த ஊர்ச் சந்தையில் இன்னொரு புக்கரை வாங்கியிருப்பார்கள்? 2020 நவம்பரில் மூத்த ஆட்டக்காரர் கிறிஸ் பாலைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அந்தப் பருவத்திலேயே இறுதிப் போட்டி! மில்வாக்கி அணியிடம் கோப்பை போனதுதான், ஆனால் நான்காம் ஆட்டத்தில் 42, ஐந்தாவதில் 40 என்று புக்கர் அடித்ததைப் பார்த்தவன் நான்.

என்னைக் கேட்டால், அவன் யார் என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. 2020 ஆகஸ்ட், ஆர்லாண்டோ, கொரோனா காலம், பார்வையாளர் இல்லாத ஆடுகளம். கிளிப்பர்ஸ் அணியுடன் 115-115. நொடிகள் கரைகின்றன, பந்து புக்கர் கையில், பக்கத்தில் கவாய் லெனர்ட், எதிரே கை நீட்டியபடி பால் ஜார்ஜ், லீகிலேயே தலைசிறந்த காவல்காரர்கள் இரண்டு பேர், போக வழியே இல்லை, முதுகைக் காட்டியபடி நின்றவன் சட்டென்று திரும்பிக் காற்றில் சாய்ந்து எறிகிறான் பாருங்கள், மணி அடிக்கிறது, பந்து உள்ளே, அவன் தரையில், மொத்த அணியும் அவன் மேல் போய் விழுகிறது, நான் நாற்காலி மேலே ஏறிக் குதிக்கிறேன்! அங்கே ஆடிய எட்டையும் ஜெயித்தார்கள், எட்டுக்கு எட்டு! பதினைந்து கோடி என்ன, இன்னும் பதினைந்து கேட்டாலும் கொடுக்கச் சொல்வேன்!