ஆடித் தீர்வதும் தீராததும்

சிலப்பதிகாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஆய்ச்சியர் குரவைக்கு வந்ததும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். இசை தெரிந்தவர்கள் ஏழு சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களைக் கண்டு மகிழ்ந்து அங்கேயே தங்கிவிடுகிறார்கள். பக்தி உள்ளவர்கள் கண்ணனைப் போற்றும் பாட்டுக்களில் கரைந்துவிடுகிறார்கள். இரண்டும் நியாயமான சந்தோஷங்கள்தாம். ஆனால் கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்தப் பகுதியில் வேறொரு கேள்விதான் பெரிதாகப் படுகிறது. அந்தப் பெண்கள் ஏன் ஆடினார்கள்?

இளங்கோ காரணத்தை ஒளிக்கவில்லை. விடியற்காலையில் பார்த்தால் குடத்தில் ஊற்றிய பால் உறையவில்லை. காளையின் கண்ணில் நீர் வடிகிறது. வெண்ணெய் உருகமாட்டேன் என்கிறது. ஆட்டுக்குட்டி துள்ளாமல் கிடக்கிறது. பசுவின் கழுத்து மணி அறுந்து விழுகிறது. என்னவோ நடக்கப்போகிறது, என்னவென்று தெரியவில்லை. இந்த மாதிரிப் பயத்துக்கு மருந்து கிடையாது. மாதரி தன் மகளிடம், கலங்காதே, குரவை ஆடுவோம், கன்றும் பசுவும் பட்ட துயரம் நீங்கட்டும் என்கிறாள். ஏழு பெண்களை வட்டமாக நிறுத்தி, ஆளுக்கு ஒரு சுரத்தின் பெயரைச் சூட்டி, கை கோத்து ஆடவைக்கிறாள். துயரம் பசுக்களுடையது என்று பெயர். நடுங்கியதென்னவோ பெண்களின் நெஞ்சு.

இதையேதான் இப்போது நடனச் சிகிச்சை என்கிறார்கள். மேரியன் சேஸ் என்ற அமெரிக்க நாட்டியக்காரி 1942-ல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநோய் மருத்துவமனைக்குள் நுழைந்தார். யுத்தத்தில் மனம் உடைந்து பேச்சற்றுப்போன சிப்பாய்கள் அங்கே இருந்தார்கள். அந்த அம்மாள் அவர்களுக்கு நாட்டியம் கற்றுக்கொடுக்கவில்லை. இசைத்தட்டைச் சுழலவிட்டு, ஒருவன் கையை ஆட்டினால் தாமும் அப்படியே ஆட்டினார். ஒருவன் முன்னும் பின்னும் அசைந்தால் தாமும் அசைந்தார். அவனுடைய அசைவுக்கு ஒரு பதில் அசைவு; அவ்வளவுதான். அப்படியே ஒவ்வொருவராக வட்டத்துக்குள் வந்தார்கள். 1966-ல் அமெரிக்காவில் இதற்கு ஒரு சங்கமே ஏற்பட்டு, அவரே முதல் தலைவரானார். நம் சென்னையில் அம்பிகா காமேஷ்வர் 1989-ல் 'ரசா'வைத் தொடங்கி, மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கு நாட்டியத்தையும் நாடகத்தையும் துணையாக்கினார். கல்கத்தாவில் சோஹினி சக்ரவர்த்தியின் 'சன்வேத்' 2004 முதல், விற்கப்பட்டு மீட்கப்பட்ட பெண்களுக்கு அவர்களுடைய உடம்பை நடனத்தின் வழியாகத் திருப்பிக் கொடுக்க முயல்கிறது.

பலன் உண்டா என்று கேட்பீர்கள். 2015-ல் காக்ரேன் அமைப்பினர் மனச்சோர்வுக்கு நடனச் சிகிச்சை பற்றி நடந்த ஆய்வுகளைச் சலித்துப் பார்த்தார்கள். தேறியவை மூன்று, அவற்றில் பங்கு பெற்றவர்கள் 147 பேர். இதை வைத்து ஒன்றும் சொல்வதற்கில்லை என்று நேர்மையாகச் சொல்லிவிட்டார்கள். 2024-ல் ஆங்கில மருத்துவ சஞ்சிகை ஒன்று, உடற்பயிற்சி பற்றிய 218 ஆய்வுகளை, 14,170 பேரை, ஒன்றுசேர்த்துப் பார்த்த கட்டுரையை வெளியிட்டது. அதில் நடனம் நன்றாகவே தேறியது. ஆனால் நடனத்தைச் சோதித்த ஆய்வுகள் கொஞ்சம்தான். ஆகவே விஞ்ஞானம் தலையை ஆட்டுகிறது. ஆமென்றா, இல்லையென்றா என்பது இன்னும் தெளிவாகவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. வாஷிங்டனிலிருந்து வந்தால் இதைச் சிகிச்சை என்று மரியாதையாக வரவேற்கிற நாம், இதே காரியம் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் பாடைக்கு முன்னால் வந்தால் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறோம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையில் மரணம் ஊமையாகப் போவதில்லை. இரவெல்லாம் கானாப் பாட்டு. மறுநாள் மேளம், பூ, வெடி, ஆட்டம். நம்மவர்கள் இதை அநாகரிகம் என்கிறார்கள். செத்த வீட்டில் என்ன கூத்து என்கிறார்கள். சுடுகாட்டில் ஆடுகிறவனையே கடவுளாகக் கும்பிடுகிற, காரைக்கால் அம்மையார் பேயுருவை வேண்டிப் பெற்று அந்த ஆட்டத்தைக் கண்ட கதையைக் கண்ணீரோடு கேட்கிற ஜனங்கள் இப்படிச் சொல்வது எனக்கு விளங்குவதில்லை.

சாவுக்கூத்தை ஒரு கலையாக வைத்து, கலைக்கு உரிய கண்டிப்போடு பார்ப்போமே. காசிமேட்டில் ஒரு வயோதிகரின் ஊர்வலத்தில் அவருடைய மகன் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். நாற்பது வயதுக்காரர். வீட்டு வாசலில் அவர் அழவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பாடை நகர்ந்ததும் தகப்பனாரின் முகத்தைப் பார்த்தபடியே பின்னோக்கி அடி வைத்து ஆட ஆரம்பித்தார். நான் கவனித்தது மேளக்காரரை. அவருடைய கண் முழுக்க அந்த மகனின் காலில் இருந்தது. கால் தடுமாறியபோது அடி தளர்ந்தது. கால் வேகம் கொண்டபோது அடியும் ஏறியது. மேரியன் சேஸ் செய்ததும் இதுதான். முச்சந்தி வந்தபோது அந்த மனிதர் வாய்விட்டு அழுதார். அழும்போதும் கால் தாளத்தை விடவில்லை.

கால் தாளத்தை விடவில்லை என்பதில்தான் இந்தக் கலையின் சாரம் இருக்கிறது. ஆட்டத்தில் துக்கம் 'வெளியேறிவிடுகிறது' என்று சிகிச்சைக்காரர்கள் சிலர் சொல்கிறார்கள், ஏதோ அடைத்த சாக்கடையைத் திறந்துவிட்ட மாதிரி. வெளியேறுவதுதான் வைத்தியம் என்றால் தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாலும் போதுமே! துக்கத்துக்கு ஒரு தாளம் கிடைக்கிறது. அடுத்த அடி எங்கே விழவேண்டும் என்று தெரிகிறது. தன்னோடு பத்துப் பேர் அதே அடியை வைக்கிறார்கள். கட்டுக்கடங்காத ஒன்றுக்கு ஒரு கட்டு ஏற்படுகிறது. தொல்காப்பியர் உணர்ச்சிகளைப் பற்றிய இயலுக்கு மெய்ப்பாட்டியல் என்று பெயர் வைத்தார். உணர்ச்சி என்பது மெய்யில், அதாவது உடம்பில், படுவது. உடம்பில் படுவதை உடம்பால்தானே ஒழுங்கு செய்ய வேண்டும்?

குறைகளையும் சொல்லிவிடவேண்டும். சாராயம் முதல் குறை. குடித்தவன் தாளத்தை இழக்கிறான். தாளத்தை இழந்தபின் மிஞ்சுவது வெறும் ரகளை. இரண்டாவது, தெருவில் ஆடுவது பெரும்பாலும் ஆண்கள்தான். பெண்கள் வீட்டுக்குள் வட்டமாக உட்கார்ந்து, தோளோடு தோள் கட்டி, முன்னும் பின்னும் அசைந்து ஒப்பாரி வைக்கிறார்கள், மாரடிக்கிறார்கள். அதுவும் உட்கார்ந்து ஆடும் குரவைதான். ஆனால் வாசற்படியோடு அது நின்றுவிடுகிறது. கானா பாடிய இசைவாணி 2020-ல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம் பெற்றது, அந்தப் படியை ஒரு பெண் தாண்டினால் அது எவ்வளவு பெரிய செய்தி என்பதைக் காட்டுகிறது. மூன்றாவது குறைதான் பெரிது. ஊர் துக்கத்தை ஆற்றுகிற பறைக்காரனுக்கு ஊர் கொடுத்தது என்ன? தலைமுறை தலைமுறையாகத் தீண்டாமையைத்தான் கொடுத்தது. இனிச் சாவுக்கு அடிக்கமாட்டோம் என்று அவர்களில் பலர் தீர்மானித்தபோது, அடடா, ஒரு கலை அழிகிறதே என்று அங்கலாய்க்க நமக்கு உரிமையில்லை.

இனிக் குரவைக்குத் திரும்புவோம். ஆட்டம் முடிகிறது. முடிந்த மாத்திரத்தில் மதுரை நகருக்குள் எழுந்த பேச்சைக் கேட்டுவிட்டு ஒருத்தி ஓடி வருகிறாள். வந்தவள் வாய் திறக்காமல் நிற்கிறாள். கோவலன் கொலையுண்டான். பால் உறையாததற்கு இதுவா பொருள்! குரவை அதைத் தடுக்கவில்லை. அப்படியானால் குரவை வீணா? இல்லை என்றே நினைக்கிறேன். செய்தி வந்த நேரத்தில் கண்ணகி தனியாக இல்லை. அவளைச் சுற்றி ஒரு வட்டம் ஏற்கனவே கூடியிருந்தது. அவள் ஆடிய பெண்களைப் பார்த்துத்தான் 'எல்லோரும் கேளுங்கள்' என்கிற பொருளில் முதலில் பேசுகிறாள். சூரியனைச் சாட்சிக்கு அழைக்கிறாள். பிறகு சிலம்பை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். ஆட்டம் பயத்தைத் தாங்கியது. நியாயத்தை ஆட்டத்தால் வாங்க முடியாது. அதற்கு அரண்மனை வாசலுக்குப் போகவேண்டும். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்த கவியின் சாமர்த்தியத்தை என்னவென்று சொல்வது!

எண்ணூருக்கு இது அப்படியே பொருந்தும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. படகும் வலையும் கறுத்துப்போயின. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து, ஜனங்கள் மூச்சுத் திணறித் தெருவில் ஓடினார்கள். அந்தக் குப்பத்துப் பெண்களுக்குத் தூக்கம் வரவில்லை என்றால், அவர்களை வட்டமாக நிறுத்தி ஆடவைப்பது நல்ல காரியம்தான், நான் மறுக்கமாட்டேன். ஆனால் ஆற்றைச் சுத்தம் செய்யாமல் ஆட்டத்தை மட்டும் அனுப்பினால்? உன் மனசில்தான் கோளாறு, ஆலையில் இல்லை என்று சொல்வதாகாதா?

திருவொற்றியூர்க் கோயிலில் வட்டப்பாறை அம்மன் சந்நிதி இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி கோபம் தணியாமல் இங்கே வந்தாள், கிணற்றுக்குள் இறங்கினாள், மேலே வட்டமான பாறையை வைத்து மூடிவிட்டார்கள் என்பது ஊர்க் கதை. அதே கோயிலில்தான் ஆடும் தியாகராஜரும் இருக்கிறார். கோபத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே இரண்டு பதில்கள் அருகருகே இருக்கின்றன: ஒன்று ஆட்டம், ஒன்று கல். நடனச் சிகிச்சை என்று புறப்படுகிற நல்லவர்கள் தாங்கள் கொண்டுபோவது இவற்றில் எது என்று ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்வது நலம். வட்டமாக இருந்துவிட்டால் மட்டும் பாறை குரவையாகிவிடாது.