துளையிடாத அட்டைகளும் நிரம்பிய தொட்டியும்

கணிப்பொறியின் வேகத்தை வியந்து பேசுவோர், அதன் பக்கத்தில் நின்ற அச்சுப் பொறியை மறந்துவிடுவது வழக்கம். 1960களில் ஐ.பி.எம். 1403 என்னும் அச்சுப் பொறிக்கு நல்ல பெயர். அதன் விரைவான வகை நிமிடத்துக்கு 1,100 வரிகள் அச்சிட்டது. பார்ப்பவர் கண்ணுக்குத் தாள் அருவிபோல் கொட்டும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு வரிக்கு ஏறத்தாழ 55 மில்லி விநாடி ஆகிறது. விநாடிக்கு ஐந்து லட்சம் கட்டளைகளை நிறைவேற்றும் கணிப்பொறி அந்த நேரத்தில் 27,000 கட்டளைகளை முடித்திருக்கும். அட்டை துளைக்கும் பொறி இதைவிட மந்தம். ஐ.பி.எம். 2540 நிமிடத்துக்கு 300 அட்டைகளைத்தான் துளைத்தது. ஓர் அட்டை துளைபட்டு விழும்வரை கணிப்பொறி கைகட்டி நின்றால் ஒரு லட்சம் கட்டளைகள் வீண்!

இந்த வீணைத் தடுக்கக் கண்ட வழியே ஸ்பூலிங். கிணற்று நீரை மோட்டார் வேகமாக இறைத்துத் தொட்டியில் விடுகிறது. தொட்டியிலிருந்து வாய்க்கால் தன் போக்கில் பாய்கிறது. அதுபோல நிரல் தன் விடைகளைக் காந்தத் தட்டில் மளமளவென்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அச்சுப் பொறியும் துளைக்கும் பொறியும் தட்டிலிருந்து எடுத்து, மெதுவாகத் தம் வேலையைச் செய்யும். தத்துவம் இவ்வளவுதான். ஆனால் தொட்டியில் யார் எவ்வளவு விடலாம், எது முதலில் பாய வேண்டும், தொட்டி நிரம்பினால் என்ன செய்வது என்ற கேள்விகள் உடனே எழுகின்றன. ஒரு ஸ்பூலிங் முறையின் தரத்தை அதன் வேகத்தால் மட்டும் அளக்காமல், இக்கேள்விகளுக்கு அது தந்த விடையாலும் அளக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த அளவுகோலை வைத்து இரண்டு முறைகளை இங்கே பார்ப்போம்.

முதலாவது ஹாஸ்ப். அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில், நாஸாவின் விண்வெளி மையப் பணிக்காக ஐ.பி.எம். ஊழியர்கள் 1960களின் நடுவில் எழுதியது இது. ஓ.எஸ்./360 என்ற பெரிய இயக்க முறையிலேயே ஸ்பூலிங் வசதி இருந்தது. ஆயினும் ஒவ்வொரு விடைக்கும் தட்டில் தனித்தனிக் கோப்பைத் திறந்து மூடும் அந்த முறை மிகவும் மெதுவாக நடந்தது. ஹாஸ்ப்பை எழுதியவர்கள் தட்டில் தங்களுக்கென்று ஒரு பெரிய இடத்தை ஒதுக்கி, அதைத் தாங்களே பங்கிட்டுக் கொண்டனர். வேகம் கூடியது, மற்ற நிலையங்களும் இதை விரும்பி வாங்கிக் கொண்டன.

ஹாஸ்ப்பின் வேகத்தைவிட அது கேட்ட ஒரு கேள்வியையே நான் பெரிதாகப் பாராட்டுவேன். வேலையைக் கொடுப்பவர் முதல் அட்டையிலேயே உத்தேசமாக எத்தனை ஆயிரம் வரி அச்சாகும், எத்தனை அட்டை துளைக்கப்படும் என்று எழுதலாம். எழுதாவிட்டால் அந்நிலையம் வகுத்த அளவு எடுத்துக் கொள்ளப்படும். அளவு மீறியதும் ஆப்பரேட்டருக்குச் செய்தி வரும். ஒரே வரியை முடிவில்லாமல் அச்சிடும் பிழையான நிரல்களை மாணவர்கள் எழுதாமல் இருப்பதில்லை. அப்படி ஒன்று வந்தால், தாள் தீரும் முன்பே ஆப்பரேட்டர் அதை நிறுத்திவிடலாம். டாலர் குறியில் தொடங்கும் சிறு கட்டளைகள் அவர் கையில் இருந்தன. நீண்ட பட்டியல் ஒன்றைப் பாதியில் நிறுத்தி மீண்டும் வரிசைக்கு அனுப்பலாம். தாள் கிழிந்துவிட்டால் சில பக்கங்கள் பின்னே போய் அங்கிருந்து அச்சிடச் செய்யலாம். நானூறாம் பக்கத்தில் தாள் சிக்கிக் கொண்டால் முதலிலிருந்து தொடங்கவேண்டிய கொடுமை இல்லை! கட்டளைகள் புரியாத எழுத்துச் சேர்க்கைகளாக இருந்தன என்பது குறைதான். பழகியவருக்கே அது வசப்படும்.

இரண்டாவது, 1972-இல் ஐ.பி.எம். அறிவித்த வி.எம்./370. இதில் கற்பனை வளம் அதிகம். ஒரே கணிப்பொறியை ஆளுக்கொரு கணிப்பொறிபோல் காட்டும் முறை இது. ஒவ்வொரு பயனாளருக்கும் ஒரு பாவனைக் கணிப்பொறி. அதோடு பாவனை அட்டை படிப்பான் 00சி, பாவனைத் துளைப்பான் 00டி, பாவனை அச்சுப் பொறி 00இ என்று எண் இட்டுக் கொடுப்பது வழக்கமாயிற்று. இவற்றில் எழுதுவதெல்லாம் ஸ்பூல் தொட்டிக்குப் போகும். ஒருவர் தம் துளைப்பானை இன்னொருவர் பெயருக்குத் திருப்பிவிட்டால், அவர் ‘துளைக்கும்’ அட்டைக் கட்டு நேரே அந்த இன்னொருவரின் படிப்பானில் போய் விழும். ஓர் அட்டையும் துளைபடவில்லை. ஆனாலும் கட்டு கைமாறிவிட்டது. மந்தமான ஒரு பொறிக்காகச் செய்த ஏற்பாடு, மனிதருக்கு மனிதர் செய்தி அனுப்பும் தபாலாக மாறியது. 1981-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கிடையே தொடங்கிய பிட்நெட் வலையமைப்பும் இந்தப் பாவனை அட்டைகளையே ஊர்விட்டு ஊர் கொண்டு சென்றது. அட்டை என்றால் 80 எழுத்துத்தானே? நீண்ட வரிகளையெல்லாம் 80 எழுத்துத் துண்டுகளாக நறுக்கி அனுப்பிச் சேருமிடத்தில் ஒட்டவேண்டியிருந்தது. இது வேடிக்கையான தொல்லை. ஆனாலும் பொறுக்கக் கூடியதே.

பொறுக்க முடியாதது வேறு. ஹாஸ்ப் கேட்ட ‘எவ்வளவு?’ என்ற கேள்வியை வி.எம்./370 தன் பயனாளரிடம் கேட்கவில்லை. தொட்டி எல்லோருக்கும் பொது. நினைவகத்துக்கு அடங்காத பக்கங்களைத் தற்காலிகமாக இறக்கிவைக்கும் இடத்தையும் ஸ்பூலையும் ஒரே தட்டுப் பகுதியிலிருந்து எடுக்கும்படி வைத்திருந்தனர். ஆக, ஒருவருடைய அச்சுக் கட்டு பெருத்தால் மற்றவர்களின் வேலைக்கே இடம் நெருக்கடியாகும். தொட்டியின் மட்டத்தைப் பார்த்துக்கொண்டு, வேண்டாதவற்றைத் தேடி அழிப்பது ஆப்பரேட்டர் தலையில் விழுந்தது. இன்னொரு குறையும் உண்டு. இயந்திரத்தை மீண்டும் தொடங்கும்போது எவ்வகைத் தொடக்கம் என்று ஆப்பரேட்டரிடம் கேட்கப்படும். ‘வார்ம்’ என்றால் ஸ்பூல் கோப்புகள் பிழைக்கும். ‘கோல்ட்’ என்றால் அச்சிடக் காத்திருந்தவை, படிப்பானில் கிடந்த கடிதங்கள் யாவும் போய்விடும். இரவுப் பணியில் தூக்கக் கலக்கத்தோடு இருப்பவரிடம் ஒரு சொல்லில் இத்தனை அதிகாரம் கொடுத்தது நல்ல வடிவமைப்பு ஆகாது.

இக்குறையை உலகம் கண்டது 1987 டிசம்பரில். மேற்கு ஜெர்மனியில் கிளவுஸ்தால் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் கிறிஸ்துமஸ் வாழ்த்தாக ஒரு சிறு நிரலை அனுப்பினார். அது பலருடைய படிப்பான்களில் அட்டைக் கட்டாக வந்து விழுந்தது. பெற்றவர் அதை இயக்கினால் நட்சத்திரக் குறிகளாலான ஒரு மரம் திரையில் தோன்றும். அவர் மரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில், அவருடைய முகவரிக் கோப்பில் உள்ள பெயர்களுக்கெல்லாம் நிரல் தன் நகல்களை அனுப்பிவிடும். ஐரோப்பாவின் ‘ஏர்ன்’, பிட்நெட், ஐ.பி.எம். நிறுவனத்தின் சொந்த வலையமைப்பான வி.நெட் ஆகிய மூன்றிலும் அது பரவி, இணைப்புகளையும் ஸ்பூல் இடத்தையும் அடைத்தது.

குற்றம் முழுவதும் ஸ்பூலிங் முறையுடையது என்று சொல்வது நியாயமாகாது. முன்பின் பாராமல் நிரலை இயக்கியவர் மனிதரே. ஆனால் இத்தனை மணி நேரத்தில் இத்தனை கட்டுக்குமேல் ஒருவர் அனுப்பினால் ஆப்பரேட்டருக்குச் சொல் என்ற ஒரு சிறு விதி அங்கே இருந்திருந்தால், வெள்ளம் ஓடையிலேயே தெரிந்திருக்கும். அத்தகைய விதியை எழுதத் தெரியாதவர்கள் அல்ல அவர்கள். அதே நிறுவனத்தின் ஹாஸ்ப் இருபது ஆண்டு முன்பே வரிகளையும் அட்டைகளையும் எண்ணிக்கொண்டிருந்ததே! பாவனைப் பொறிக்குத் தாள் செலவில்லை, அட்டை செலவில்லை என்பதால் அளவும் தேவையில்லை என்று எண்ணிவிட்டனர் போலும்.

கற்பனையில் வி.எம். உயர்ந்தது, காவலில் ஹாஸ்ப் உயர்ந்தது என்றே நான் சொல்வேன். இரண்டும் இன்றும் மறையவில்லை. ஹாஸ்ப்பின் வழிவந்த ஜெஸ்-2 அனுப்பும் செய்திகள் இப்போதும் டாலர் குறியோடு ஹாஸ்ப் என்ற பெயரிலேயே தொடங்குகின்றன. வி.எம்.மின் வழித்தோன்றலான இசட்/வி.எம்.மில் லினக்ஸ் இயக்க முறையை நிறுவுபவர், அதன் மையக் கருவைப் பாவனைத் துளைப்பானில் ‘துளைத்து’, தம் பாவனைப் படிப்பானில் போட்டு, 00சி என்ற எண்ணைக் கொடுத்துத் தொடங்கலாம். 80 எழுத்து அட்டையைக் கையால் தொட்டே அறியாதவர்கள் அதைச் செய்கிறார்கள்.