சீஸன் டிக்கெட்டுக்காரனின் காலம்

தமிழ்ச் சிறுகதையில் ஊரை விட்டுப் போனவன் இருக்கிறான். பல வருஷங்கள் கழித்துத் திரும்பி வந்து, தூர்ந்துபோன கிணற்றையும் கைமாறிய வீட்டையும் பார்த்துக்கொண்டு நிற்பவன் இருக்கிறான். காலையில் போய் இரவில் திரும்புகிறவனைத்தான் காணோம். அவனை எழுதத் தகுந்த விஷயமாக நாம் கருதவில்லை. இதில் வேடிக்கை, எழுதுகிற நம்மில் பாதிப் பேர் அவனாகவே இருப்பதுதான். இந்தப் பத்திரிகையின் சந்தாதாரர் முகவரிகள் பல்லாவரம், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், ஊரப்பாக்கம் என்று ரயில் அட்டவணை மாதிரி இருக்கின்றன.

நான் செங்கல்பட்டிலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை போய் வருகிறவன். ஒரு வழிக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம். வங்கியில் வவுச்சர்களோடு கழியும் பொழுதில் பாதி அளவு ரயிலில் கழிகிறது. கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் 1931-ல் ஓடத் தொடங்கியது. 2004-ல் மீட்டர் கேஜ் வண்டிகள் போயின. 2021-ல் தாம்பரம் தானே ஒரு மாநகராட்சி ஆயிற்று. தெற்கே ஊருக்குப் போகிறவர்கள் பஸ் ஏறும் இடம் 2023 டிசம்பரில் கிளாம்பாக்கத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் நாங்கள் இன்னும் "மெட்ராஸ் போய்ட்டு வரேன்" என்று சொல்லித்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறோம்.

பஸ்ஸும் ரயிலும் தமிழ்க் கதையில் இல்லையா என்று கேட்கலாம். இருக்கின்றன. எப்படி இருக்கின்றன என்பதுதான் விஷயம். புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை, டிராமா பஸ்ஸா நடையா, மிஞ்சும் காசுக்கு வெற்றிலை பாக்கா என்று பிராட்வே முனையில் நின்று கணக்குப் போடுகிறார். தினசரிப் பிரயாணியின் மனம் அந்தச் சில வரிகளில் அப்பட்டமாக வந்திருக்கிறது. உடனே கடவுள் வந்துவிடுகிறார். ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' (1966) மழையில் ஒரு பஸ் ஸ்டாப்பில் தொடங்குகிறது. அந்தப் பெண்ணின் பஸ் நேரத்துக்கு வந்திருந்தால் கதை இல்லை. ஜானகிராமனின் 'சிலிர்ப்பு' ரயிலிலேயே நடக்கிறது. ஆனால் கல்கத்தாவுக்கு வேலைக்குப் போகிற அந்தச் சிறுமியை ஆரஞ்சு கொடுத்த பையன் மறுபடி பார்க்கப் போவதில்லை. மூன்றும் நம் சிறந்த கதைகள். மூன்றிலும் அன்றாடம் ஓர் இடத்தில் அறுபட வேண்டியிருக்கிறது. அறுபடாத அன்றாடத்துக்கு நம்மிடம் உருவம் இல்லை.

கவிதையில் நிலைமை வேறு. அங்கே கூட்டம் உண்டு, பிணங்களாக உண்டு. லண்டன் பாலத்தின் மேல் காலையில் வேலைக்குப் போகிறவர்களை எலியட் 1922-ல் இறந்தவர்களாகக் கண்டார். பி.ஏ. ஆங்கிலம் படித்த என் போன்றவர்கள் அந்தப் பார்வையைக் கடன் வாங்கினோம். 1917 முதல் 1925 வரை அவரே லண்டனில் வங்கி ஊழியர், அந்தக் கூட்டத்தில் ஒருவர் என்பதைக் கடனோடு சேர்த்து வாங்கவில்லை. அதனால் நம் புதுக்கவிதையில் ரயிலிலிருந்து இறங்குகிறவர்கள் எல்லாரும் யந்திரங்கள். எழுதுகிறவன் மட்டும் உயிரோடு இருக்கிறான். இந்தச் சலுகையை அவனுக்கு யார் கொடுத்தது? எதிர் ஸீட்காரனும் இவனைப் பார்த்து அதையே நினைத்திருக்கலாம்.

நண்பர் ஒருவர் இந்த வாழ்க்கையைப் பாலைத்திணை என்றார். தனக்கென்று நிலம் இல்லாதது பாலை, புறநகரும் அப்படித்தானே என்பது அவர் வாதம். கேட்க அழகாக இருந்தது. ஆனால் பாலையில் பிரிவு ஒரு சம்பவம். போனவன் எப்போது வருவான் என்று தெரியாததால்தான் அங்கே கவிதை பிறக்கிறது. நான் எப்போது வருவேன் என்பது என் மனைவிக்குத் தெரியும். வண்டி பொத்தேரி தாண்டும்போது குக்கரை ஏற்றுவாள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சிங்கப்பெருமாள் கோயிலில் ஒருவர் ஏறுவார். கைக்குட்டை போட்டு அவருக்கு இடம் பிடித்து வைத்திருப்பேன். பேப்பரில் பாதியை என்னிடம் கொடுப்பார். கோட்டையில் இறங்குவார். ஆறு வருஷம். பெயர் கேட்டதில்லை. பிறகு அவர் வரவில்லை. எந்த நாளிலிருந்து என்று என்னால் சொல்ல முடியாது, ஏனென்றால் முதல் நாள் வராதபோது லீவு என்று நினைத்தேன். இரண்டு வாரம் கைக்குட்டை போட்டேன். அப்புறம் அந்த இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். ஓய்வு பெற்றாரா, மாற்றலா, செத்துப்போனாரா? யாரிடம், என்ன பெயர் சொல்லி விசாரிப்பது?

இதைக் கதையாக எழுதிப் பார்த்தேன். கதையில் நான் சிங்கப்பெருமாள் கோயிலில் இறங்கி அவர் வீட்டைத் தேடிப் போனேன். அழுகிற மனைவியும் சுவரில் மாலை போட்ட படமும் வந்துவிட்டார்கள். வாரப் பத்திரிகை ஒன்று சந்தோஷமாகப் போட்டிருக்கும். நிஜத்தில் நான் ஒரு நாளும் அங்கே இறங்கவில்லை. கிழித்துப் போட்டேன்.

பொய் எங்கே நுழைந்தது என்று யோசித்தபோது ஒன்று புலப்பட்டது. கதையை 'வந்தான், போனான்' என்று எழுதியிருந்தேன். ஆனால் அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாமே 'ஏறுவார், கொடுப்பார், இறங்குவார்' என்பதில்தான் இருக்கிறது. பள்ளிக்கூட இலக்கணம் இதை எதிர்காலம் என்கிறது. பேசுகிற நமக்கு அது வழக்கத்தின் காலம். அவர் வந்துகொண்டிருந்தபோதும் 'ஏறுவார்' என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போதும் அதே சொல்தான். நடுவே அவர் இல்லாமல் போனது அந்தச் சொல்லில் ஒரு கீறலும் விழாமல் நடந்துவிட்டது. இந்தத் துக்கத்துக்கான வினைமுற்று மொழியில் தயாராக இருக்கிறது. அதில் ஒரு முழுக் கதையை நிறுத்தத் துணிந்த உரைநடையைத்தான் காணோம். எனக்கும் அது கைவரவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

படித்துச் சொல்லும்படி நண்பர்கள் கொடுக்கும் கையெழுத்துப் பிரதிகள் என் பையில் எப்போதும் இருக்கும். ரயிலில்தான் படிக்கிறேன். கிராமத்துக் கிணறும் பாட்டியின் திண்ணையும் இப்போதும் வருகின்றன. இனி அவற்றை எழுதியவர்களிடம் ஒன்று மட்டும் கேட்பதாக இருக்கிறேன்: இதை எந்த ஸ்டேஷனுக்கும் எந்த ஸ்டேஷனுக்கும் நடுவில் எழுதினீர்கள்?