மைக் எங்கே இருக்கிறது?

திருவண்ணாமலை ரமணாசிரமத்தின் பழைய படச்சுருள்களில் ரமணர் கைத்தடியோடு மலைப்பாதையில் நடந்து வருகிறார். சத்தம் கிடையாது. அவர் மறைந்தது 1950-ல். தமிழ்ப் படம் பேச ஆரம்பித்து அப்போது 19 வருடம் ஆகியிருந்தது. பிறகு ஏன் ஊமைப்படம்? அன்றைய கையடக்கக் கேமராக்கள் பிம்பத்தை மட்டுமே பிடிக்கும். குரலைப் பிடிக்க வேறு கருவி, அதை இயக்க வேறு ஆள் வேண்டும்.

பழைய பேசும்படங்களை ரசிக்க விரும்புகிறவர்களும் இந்த இடத்திலிருந்தே தொடங்கலாம்: படம் எடுப்பதைவிட ஒலி பிடிப்பதுதான் பெரும்பாடு.

ஊமைப்படக் கொட்டகை அமைதியாக இருந்தது என்று எண்ணிவிட வேண்டாம். திரையில் வரும் எழுத்தை உரக்கப் படித்துக் கதை சொல்ல ஓர் ஆள் நிற்பார். பக்கத்தில் வாத்தியம் முழங்கும். 1931 அக்டோபர் 31-ல் சென்னை கினிமா சென்ட்ரலில் தமிழின் முதல் பேசும்படமான ‘காளிதாஸ்’ வெளியானபோது அந்தச் சத்தமெல்லாம் திரைக்குள் போயிற்று. கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். காளிதாசன் கதைக்கு நடுவே காந்தியின் ராட்டையைப் புகழும் பாட்டு வேறு! அந்தப் படம் இன்று பார்க்கக் கிடைப்பதில்லை.

கிடைப்பதில் ஒன்று, 1937-ல் வந்த ‘அம்பிகாபதி’. இயக்கியவர் தமிழ் தெரியாத அமெரிக்கர், எல்லிஸ் ஆர். டங்கன். கதாநாயகன் எம்.கே. தியாகராஜ பாகவதர் பாடத் தொடங்கியதும் கதையைக் கொஞ்சம் மறந்துவிட்டு, அவர் எங்கே நிற்கிறார், முகம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு நகர்கிறார் என்று பாருங்கள்.

ஆரம்ப காலப் பேசும்படங்களில் நடித்துக்கொண்டே பாட வேண்டும். மைக் கேமராவின் கண்ணில் படாமல் ஒளிந்திருக்கும். ஹார்மோனியமும் மிருதங்கமும் கேமராவுக்கு வெளியே, ஆனால் மைக்குக்கு எட்டும் தூரத்தில். நடிகர் இரண்டடி தள்ளிப்போனால் குரல் மங்கிவிடும். இன்றைய கண்ணுக்கு ‘மரம் மாதிரி நிற்கிறாரே’ என்று தோன்றினால், பழி பெரும்பாலும் மைக்கைச் சேரும். பாட்டு ஏன் எடுத்த எடுப்பிலேயே மேல் ஸ்தாயிக்குப் போகிறது? பாடியவர்கள் நாடக மேடைக்காரர்கள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பாடிப் பழகிய தொண்டை அது. மைக் வந்த பிறகும் அந்தப் பழக்கம் சட்டென்று போய்விடவில்லை. போகாதது நல்லதுதான்.

1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் தயாரிப்பாளர் ஏ.வி. மெய்யப்பன், ஒருவர் நடிப்புக்கு இன்னொருவர் குரலைச் சேர்த்தார். அதன்பின் நடிக்கத் தெரிந்தவருக்குப் பாடத் தெரிய வேண்டிய கட்டாயம் மெல்லத் தளர்ந்தது.

அடுத்து, திருவண்ணாமலைக் கதையான ‘அருணகிரிநாதர்’ (1964) படத்தைப் போட்டுப் பாருங்கள். ஊரறிந்த பின்னணிப் பாடகர் டி.எம். சௌந்தரராஜனே அருணகிரியாக வேடம் கட்டியிருக்கிறார். பாகவதர் காலம்போல உருவமும் குரலும் மறுபடி ஒருவருடையதே. ஆனால் பாட்டு முன்பே ஒலிக்கூடத்தில் பதிவானது. படப்பிடிப்பில் அதற்கு வாயசைத்தால் போதும். அருணகிரியின் முதல் திருப்புகழாகச் சொல்லப்படும் பாட்டு இந்தப் படத்தில் வருகிறது; மூச்சுவிட இடம் தராத சந்தம். தன் குரலுக்குத் தானே வாயசைப்பவர் எங்காவது ஓர் அட்சரம் பிந்துகிறாரா என்று உதட்டையே கவனியுங்கள்.